மேலேயிருந்து வந்த அழைப்பு

ரேடியோ என்பது மடத்தில் அவளுக்கு வைத்த பெயர். நவதுறவகத்தில் பயிற்சி எடுத்தபோதே ஒட்டிக்கொண்டது. பேச அனுமதி உள்ள நேரமெல்லாம் பேசுவாள். அனுமதி இல்லாத நேரத்தில் புருவத்தாலேயே பேசுவாள். இப்போது வயது இருபத்தாறு. கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்து மூன்று வருஷமாகிறது. இந்த வாயை ஏன் வீணாக்க வேண்டும் என்று யோசித்த மடத்துத் தலைவி மதர், அவளை ஊடகப் படிப்புக்கு அனுப்பினார். படித்து வந்ததும் ஒரு வேலையைக் கையில் கொடுத்தார். தினமும் காலையில் ஒரு நிமிஷ வீடியோ. கடவுளைப் பற்றி, அறுபதே வினாடியில்.

"அறுபது வினாடில கடவுளா?" என்று சமையல் சிஸ்டர் கேட்டாள். "எனக்கு அரிசி களையவே அதுக்கு மேல ஆகும்."

ஆனால் வீடியோ ஓடியது. கேமரா பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் இன்னொரு இளைய சிஸ்டர். ரேடியோவுக்கு நேரெதிர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். விடிந்ததும் தோட்டத்தில் எடுப்பார்கள், ஆறே முக்காலுக்கு ஏற்றுவார்கள். கீழே மடத்தின் கைப்பேசி எண் இருக்கும். மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். பரீட்சைக்குப் பயந்தவர்கள், புருஷனோடு சண்டை போட்டவர்கள், சும்மா குரல் கேட்க வேண்டும் என்று அழைப்பவர்கள், திட்டுவதற்கென்றே அழைப்பவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். அழைப்புகள் அந்தக் கைப்பேசியில் தானாகப் பதிவாகும். அவசரத்தில் யாராவது விலாசம் சொன்னால் மறுபடி கேட்டுக்கொள்ளலாமே என்று ரேடியோ செய்துவைத்த ஏற்பாடு அது.

வீடியோவின் கீழே தினமும் முதலாவதாக ஒரே ஆள் ஒரே வரியை எழுதுவார்: "கேட்டேன். மேலே போகிறேன்." ஐந்து மாதமாக ஒரு நாள் தவறவில்லை. யாரோ தீராத நோயாளி, போகிற நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிறார் போலும் என்று மடத்தில் முடிவு கட்டினார்கள். சமையல் சிஸ்டர் ஐந்து மாதமாக அவருடைய நல்மரணத்துக்காக ஜெபித்து வந்தாள்.

அன்று மதியம் நாலேகாலுக்கு வானம் திடீரென்று இருண்டது. பார்வையாளர் அறையில் ஜன்னல் கதவு படீரென்று அடித்துக்கொண்டது. ரேடியோ எழுந்து அதைச் சாத்துகிற நேரத்தில் மேசைமேல் இருந்த கைப்பேசி மணியடித்தது. எடுத்தால், முதலில் ஆள் குரலே இல்லை. யாரோ பெரிய தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"சிஸ்டர்... தினமும் மேலே போறேன்னு எழுதுவேனே, அந்த ஆளு."

"அண்ணா! நீங்களா? உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு. மேல இருக்கேன்."

"மேலன்னா?"

"கிரேன்ல. பெரிய ஆஸ்பத்திரி கட்டுறாங்களே, அங்க. நான் கிரேன் ஓட்டுறவன் சிஸ்டர்."

ரேடியோ பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த கிரேனை அவளுக்குத் தெரியும். ஊரில் எங்கே நின்றாலும் தெரியும், அவ்வளவு உயரம். இருபது மாடிக்கு மேல் ஒல்லியாக ஒரு இரும்புக் கோபுரம், அதன் தலையில் நீண்ட கை, கையும் கோபுரமும் சேருமிடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான் என்று அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"காத்து இவ்ளோ அடிக்குதே! ஏன் இன்னும் இறங்கல?"

"கம்பிக்கட்டு ஒண்ணு கொக்கியில தொங்கிட்டு இருந்துச்சு. கீழ தளத்துல பதினொரு பேர். அவங்க தலைக்கு மேல அதை விட்டுட்டு எப்படி இறங்குறது? பத்திரமா எறக்கி வச்சேன். அதுக்குள்ள காத்து வந்துருச்சு. இப்ப ஏணில கால வச்சா பிச்சு எறிஞ்சிடும். இன்ஜினியர் வாக்கி டாக்கில சொல்லிட்டாரு, கூண்டுக்குள்ளயே இரு, வெளிய தலைய நீட்டாதன்னு."

"வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"எப்படி சிஸ்டர் சொல்றது? பேசினா இந்தச் சத்தம் கேட்டுடும். அவ தாங்க மாட்டா." ஒரு கணம் தகரம் கிழிகிற சத்தம் மட்டும் வந்தது. "தனியா இருக்க முடியல. ஒரு நிமிஷம் பேசுங்க. காலைல பேசுவீங்கல்ல, அந்த மாதிரி."

ரேடியோவின் வாய் பழக்கத்தில் ஓடியது. "பயப்படாதீங்க அண்ணா. நாம பயந்துக்கிட்டே போய்ச் சேர்ற இடத்துல, நமக்கு முன்னாடியே கடவுள் போய்..."

"அது காலைல கேட்டேன் சிஸ்டர்," என்றார் அவர்.

அவர் கேலி செய்யவில்லை. நன்றாக இருந்தது, ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, வேறு இருந்தால் சொல்லுங்கள் என்கிற தொனி. ரேடியோ வாயை மூடினாள். பெட்டியைத் திறந்து பார்த்தால் அடியில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. ஐந்து மாதம், நூற்றைம்பது வீடியோ. அதில் ஒரு வாக்கியம்கூட அந்தக் கூண்டு வரைக்கும் ஏறாது என்று அவளுக்குப் பட்டது. முகம் சுட்டது. பிறகு, வேறு வழி தெரியாமல், சின்னப் பிள்ளை கேட்பதுபோல ஒன்றைக் கேட்டாள்.

"அங்கேருந்து என்ன தெரியுது அண்ணா?"

இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருந்தது.

"ஊரு சுத்துது சிஸ்டர்," என்றார். "காத்து வந்தா பிரேக்க எடுத்து விட்டுடணும். பிடிச்சு வச்சா கிரேனே சாஞ்சிடும். விட்டுட்டா காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் தானா திரும்பும். அதனால நான் சும்மா உக்காந்திருக்கேன். ஊரு என்னைச் சுத்தி வருது. இப்ப ஆறு. இப்ப ரயில்வே ஸ்டேஷன். இப்ப ஒண்ணுமே இல்ல, வெள்ளையா இருக்கு."

"மழையா?"

"மழைதான். ஆனா மேலேருந்து விழல. பக்கத்துலேருந்து வருது. கீழேருந்தும் வருது சிஸ்டர், நம்ப மாட்டீங்க, மேல பார்த்து ஏறுது." சட்டென்று நிறுத்தினார். ஒரு வெடிச் சத்தம் கைப்பேசியில் கேட்டு, ஒரு நொடி கழித்து மடத்தின் ஜன்னலும் அதிர்ந்தது. அவர் மறுபடி பேசியபோது குரல் அடங்கிப் போயிருந்தது. "மின்னல். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பாங்க. எனக்கு நேர் எதிர நின்னுச்சு. ஒரு மரம் மாதிரி. கிளை கிளையா. வேர்கூட இருந்துச்சு."

"பயமா இருக்கா அண்ணா?"

"இருக்கு. ஆனா கண்ண மூட முடியல. மூடினா நஷ்டம்னு தோணுது."

கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் வாழ்க்கையில் முதல்முறையாக, குறுக்கே பேசாமல் கேட்டாள். மேகம் ஓரிடத்தில் கிழிந்து ஆற்றின் மேல் மட்டும் வெயில் விழுவதை அவர் சொன்னார். நீண்ட கையின் கம்பிகளுக்கு நடுவில் நாற்பது ஐம்பது பறவைகள் வந்து ஒடுங்கியிருப்பதைச் சொன்னார். கிரேன் திரும்பத் திரும்ப அவையும் திரும்புகின்றன, ஒன்றுகூடப் பறக்கவில்லை என்றார். சில சமயம் நடு வாக்கியத்தில் பேச்சை விட்டுவிடுவார். அவர் மூச்சு மட்டும் கேட்கும். என்னவோ பெரிதாக ஒன்றைப் பார்க்கிறார் என்று இவளுக்குத் தெரியும், கேட்க மாட்டாள்.

ஐந்தரைக்கு மாலை ஜெபத்துக்கு மணி அடித்தது. ரேடியோ வராததைக் கண்டு மதர் தேடி வந்து கதவில் நின்றார். இவள் ஒரு தாளில் கிறுக்கி நீட்டினாள்: 'மேலே போகிறவர். கிரேனில் மாட்டிக்கொண்டிருக்கிறார். என்னால் வைக்க முடியாது.' மதர் படித்துவிட்டுப் போனார். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தபோது பின்னால் மற்ற ஐந்து பேரும் ஜெபப் புத்தகத்தோடு நின்றார்கள். சமையல் சிஸ்டரின் கையில் இன்னும் மாவு.

"இன்னைக்கு ஜெபக்கூடம் இங்கதான்," என்றார் மதர். "ஸ்பீக்கர்ல போடு."

ரேடியோ போட்டாள். காற்றின் சத்தம் அறை முழுக்க வந்ததும் எல்லாரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"அண்ணா, நாங்க சாயங்கால ஜெபம் பாடப்போறோம். கேக்குறீங்களா?"

"நான் உங்க மதம் இல்ல சிஸ்டர்," என்றார் அவர், மன்னிப்புக் கேட்பதுபோல. "காலைல ஏணிகிட்ட வரும்போது சரியா உங்க வீடியோ வரும். அதனால கேப்பேன்."

மதர் மேசைமேல் குனிந்தார். "அதனால என்னப்பா? நாங்க ரெண்டு பக்கமா நின்னு மாத்தி மாத்திப் பாடுவோம். மொத்தம் ஏழு பேரு. ஒரு பக்கம் ஆள் குறையுது. நீ அந்தப் பக்கம் நில்லு."

"வார்த்தை தெரியாதேம்மா."

"ராகம் மூணே சுரம்தான். புடிச்சுக்கோ."

மேசைக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். தொடங்கினார்கள். முதல் வரியை இவர்கள் பாட, அடுத்த வரியை அவர்கள் வாங்கினார்கள். முதல் இரண்டு சுற்றில் கைப்பேசியிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. மூன்றாவது சுற்றில், அந்தப் பக்கத்து முறை வந்தபோது, தரையில் மேசையை இழுப்பதுபோல ஒரு கனத்த முனகல் சேர்ந்தது. வார்த்தை இல்லை. சுதியும் கொஞ்சம் விலகியிருந்தது. ஆனால் முறை தவறவில்லை. இவர்கள் பாடும்போது நிறுத்தினார். அவர்கள் பாடும்போது சேர்ந்தார். நடுவில் இடி விழுந்தது. அந்த முனகல் நடுங்கியது, நிற்கவில்லை.

நாளுக்கு மூன்று வேளை, ஆறு வருஷம், ரேடியோ பாடிய ராகம்தான். பாதி நாள் தூக்கக் கலக்கத்தில், பாதி நாள் மறுநாள் வீடியோவுக்கு என்ன பேசலாம் என்று யோசித்தபடி பாடியது. இன்று ஒவ்வொரு வரியும் எங்கோ போய்ச் சேர்ந்து திரும்பி வந்தது. சுவரும் கூரையும் இருக்கின்றனவா என்று அண்ணாந்து பார்க்கத் தோன்றியது. மற்றவர்களைப் பார்த்தாள். கேமரா சிஸ்டரின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அவள் துடைக்கவில்லை.

வரியின் நடுவில் அழைப்பு அறுந்தது.

ரேடியோ கைப்பேசியைப் பிடுங்கித் திரும்ப அழைத்தாள். அணைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு பெண் குரல். மறுபடி அழைத்தாள். மறுபடியும் அதேதான்.

"முடிச்சிட்டுப் போகலாம்," என்றார் மதர். "பாதில விடக்கூடாது."

மூன்று பேரும் அந்தப் பக்கத்து வரிகளைப் பாடி முடித்தார்கள். ஆமென் சொன்ன கையோடு சமையல் சிஸ்டர் வேன் சாவியை எடுத்தாள். மடத்தில் ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ரேடியோ ஏறி உட்கார்ந்தாள். வழியில் மரம் விழுந்து கிடந்தது. வேனை ஓரமாக விட்டுவிட்டு, முழங்கால் வரை தண்ணீரில் இருவரும் நடந்தார்கள். காற்று இறங்கிக்கொண்டிருந்தது. தெரு திரும்பினதும் கட்டடங்களுக்கு மேலே கிரேன் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது. ரேடியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வேலையாட்கள் எல்லாரும் ஹெல்மெட்டோடு அண்ணாந்து நின்றார்கள். கூண்டின் கதவு திறந்தது. ஒரு புள்ளி வெளியே வந்து ஏணியில் இறங்கத் தொடங்கியது. நாலு படி இறங்கும், நிற்கும். மறுபடி நாலு படி. இருபத்தைந்து நிமிஷம் ஆனது. மேகம் விலகி, ஈரமான இரும்பெல்லாம் சிவந்திருந்தது.

கடைசிப் படியை விட்டதும் அவர் சேற்றில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். குள்ளமான, ஒல்லியான மனிதர். கம்பிக்கட்டுக்குக் கீழே நின்ற பதினொரு பேரில் ஒரு சித்தாள் அக்கா வந்து அவர் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவர் சிஸ்டர்களைக் கண்டு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"போனைப் பையில போட்டுக் கேக்குறதோட சரி, பார்த்ததில்ல. குரலை வச்சு ஆள் பெருசா இருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றார் ரேடியோவிடம். "சின்னப் பொண்ணா இருக்கீங்களே."

"போன் கட்டாயிடுச்சே அண்ணா! நாங்க செத்துப் பிழைச்சோம்."

"சார்ஜ் தீர்ந்துருச்சு." அவர் தொண்டை கட்டியிருந்தது. "ஆனா நான் என் பக்கத்த விடல சிஸ்டர். நீங்க பாடுற நேரத்துக்கு நிறுத்துறது, என் முறை வந்தா பாடுறது. எப்ப முடிக்கணும்னு நீங்க சொல்லலியே. அதான் இறங்குற வரைக்கும் பாடிட்டே வந்தேன்."

சமையல் சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் நல்மரணத்துக்கு ஐஞ்சு மாசமா ஜெபிச்சிருக்கேன் தம்பி, மன்னிச்சுக்கோ," என்றாள். சேற்றில் உட்கார்ந்தபடியே அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் கேமரா சிஸ்டர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டாள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது: காற்று, மின்னல் மரம், பறவைகள், முனகல், எல்லாம். கழற்றி வைத்துவிட்டு, "இத போட்டா உலகமே கேக்கும்," என்றாள். அவளுடைய நாலு வார்த்தைக் கணக்கு அன்றைக்கு அதிலேயே முடிந்துவிட்டது. விஷயம் எப்படியோ பரவி, மறைமாவட்ட ஊடக அலுவலகத்திலிருந்து ஒரு ஃபாதர் அழைத்தார். இந்தக் காலத்து இளைஞர்களுக்கு விசுவாசத்தை எப்படிக் கொண்டு போவது என்று மாதாமாதம் கூட்டம் போடுகிறோமே, இதைவிட வேறென்ன வேண்டும் என்றார். ரேடியோவுக்கும் கை துறுதுறுத்தது. எங்கே வெட்ட வேண்டும், எந்த வினாடியில் முடிக்க வேண்டும் என்று இரவே அவள் மனசுக்குள் வெட்டி ஒட்டிவிட்டாள்.

"அவர்கிட்ட கேட்டியா?" என்றார் மதர்.

கேட்டாள்.

"காத்து வர்றதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன்னு வீட்டுல சொல்லியிருக்கேன் சிஸ்டர். பத்து வருஷமா வேற வேலை பாருங்கன்னு சொல்லிட்டு இருக்கிறவ." பிறகு, "அது மட்டும் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அன்னைக்கு நான் உள்ளதெல்லாம் அவுத்துப் போட்டுட்டு நின்ன மாதிரி இருந்தேன். அத நாலு பேர் பார்க்கிறது..." என்று இழுத்தார்.

"வேண்டாம் அண்ணா. புரியுது."

அழிக்கவா என்று கைப்பேசி இரண்டு முறை கேட்டது. இரண்டாவது முறை விரல் வைக்க ரேடியோவுக்கு மனசு வரவில்லை, ஆனாலும் வைத்தாள். ஃபாதரிடம் சொன்னபோது, "அடடா," என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும், "அடடா," என்றார். அடுத்த நாள் காலை வீடியோ வழக்கம்போல ஏறியது, சுமாராகத்தான் இருந்தது. முதல் ஆளாக அவர் வந்து எழுதினார்.

பத்து நாள் கழித்து அவரே அழைத்தார். "வீட்டுல உண்மையச் சொல்லிட்டேன் சிஸ்டர். மூணு நாள் என்கூடப் பேசல. நாலாம் நாளு, 'அங்க அப்படி என்னதான் இருக்கு'ன்னு கேட்டா. சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, 'அந்த சிஸ்டரை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போய்க் காட்டு'ன்னுட்டா."

"வீட்டுக்கே தெரிஞ்சிடுச்சு, பதிவை அழிச்சிட்டியே!" என்று கேமரா சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள்.

கிரேன் ஏறுவதைப் பற்றிச் சபை விதிகளில் எங்கும் தடை எழுதவில்லை என்று மதர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டே சொன்னார். கிரேனைச் சோதனை செய்கிற நாளில், வேலை நடக்காத காலையில் ரேடியோ போனாள். இன்ஜினியர் இடுப்பிலும் தோளிலும் வாரைக் கட்டி, முக்காட்டை உள்ளே செருகச் சொல்லி, மேலே ஹெல்மெட்டை அழுத்தினார். கீழே விழக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்று கைப்பேசியை வாங்கினார். கிரேன்காரரின் மனைவி அதைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். துணி தைக்கிறவள், விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. "கீழ பார்க்காதீங்க சிஸ்டர்," என்று மட்டும் சொன்னாள்.

முந்நூற்றுச் சொச்சம் படி. முப்பது படிக்கு ஒரு சிறு தளம், நின்று மூச்சு வாங்க. பாதியில் ரேடியோவின் தொடை கல்லாகிவிட்டது. முன்னால் அவருடைய பூட்ஸ் கால்கள் ஏறிக்கொண்டே இருந்தன. தெருவின் சத்தம் ஒவ்வொன்றாகக் கீழே தங்கிவிட்டது. முதலில் மனிதக் குரல், பிறகு ஹாரன், பிறகு எல்லாமே. கூண்டுக்குள் நுழைந்து அவருடைய இருக்கையில் உட்கார்ந்து, பிறகுதான் கண்ணை நிமிர்த்தினாள்.

காலுக்குக் கீழே கண்ணாடி. அதற்குக் கீழே ஊர். மடம் எங்கே என்று தேடினாள்; அகப்படவில்லை. அவள் பேசிப் பேசி நிரப்பிய தோட்டமும் பார்வையாளர் அறையும் கூரைகளுக்கு நடுவில் எங்கோ கரைந்து போயிருந்தன. ஊரை வளைத்துக்கொண்டு ஆறு, ஆற்றுக்கு அப்பால் பச்சை, பச்சைக்கு அப்பால் நீலம், நீலம் எந்த இடத்தில் வானமாகிறது என்பதே தெரியவில்லை. கிரேன் மெல்ல ஆடியது. மூச்சு விடுகிற பெரிய மிருகம் ஒன்றின் முதுகில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. பயம் வந்தது, கூடவே இன்னொன்றும் வந்தது. அதற்கு அவளிடம் பேர் இல்லை. கை தானாகக் குவிந்தது.

பக்கத்தில் அவர் குந்தியிருந்தார். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார், முதல்முறை பார்ப்பவரைப்போல.

"ஏதாவது சொல்லுங்க சிஸ்டர்," என்றார் கடைசியில்.

ரேடியோ வாயைத் திறந்தாள். "ரொம்ப..." என்றாள். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அவர் தலையாட்டினார். "பதினாறு வருஷமா எனக்கும் அதுவரைக்கும்தான் வருது."

கீழேயிருந்து இன்ஜினியர் விசில் ஊதும் வரைக்கும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.